வரைபடத்தில் தரிசு: சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

ட்ரோன் படமோ செயற்கைக்கோள் படமோ வைத்து நிலப்பரப்பு வரைபடம் தயாரித்துவிட்டால் தனியாகக் களச் சரிபார்ப்பு வேண்டியதில்லை என்று உங்கள் புதிய வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வரைபடத்தையும் பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்தால் போதும், மூலப் படங்களோ தரவுக் கோப்புகளோ இணைக்க வேண்டாம் என்று அடுத்த வரி சொல்கிறது. இந்த இரண்டு வரிகளையும் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

வான்வழிப் படமெடுத்து, அதை ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, சுற்றுச்சூழல் ஆய்வுகளுக்கு வரைபடம் செய்து தருவது என் தொழில். பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. உங்கள் முடிவால் எனக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. களத்துக்குப் போகும் அலைச்சல் மிச்சம், வெயில் மிச்சம், ஒவ்வொரு வேலையிலும் நான்கைந்து நாள் மிச்சம். இருந்தும் எதிர்க்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் கையாலேயே நடந்த ஒரு பிழை. அது உங்கள் மேசைக்கு வந்தது. நீங்களும் அதற்கு ஒப்புதல் கொடுத்தீர்கள்.

ஒரு திட்டத்துக்காக 160 ஹெக்டேர் நிலத்தை ட்ரோனில் படமெடுத்துக் கொடுத்தேன். கோடையின் உச்சம். பருவத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, வேலை அப்போதுதான் வந்தது. மேகம் இல்லை, காற்றும் அடங்கியிருந்தது, பறப்பதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது. 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 3 சென்டிமீட்டர். நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டித் தைத்து ஒரே படமாக்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஒற்றையடிப் பாதை தெரிந்தது, ஆட்டுப்பட்டியின் வேலி தெரிந்தது, முள்மரங்களின் நிழல் தனித்தனியாகத் தெரிந்தது.

நடுவில் 12 ஹெக்டேர் அளவுக்கு மரமும் புல்லும் இல்லாமல் வெடித்துக் கிடந்த மண். வகைப்படுத்தும் மென்பொருள் அதற்குத் 'தரிசு' என்று பெயர் வைத்து மஞ்சள் பூசியது. எனக்கும் அது தரிசாகத்தான் தெரிந்தது. ஒரு தடவை நேரில் நடந்து பார்த்துவிடலாம் என்று கேட்டேன். வேலை கொடுத்தவர்கள் அவசரம் என்றார்கள். சரி என்று கோப்பை அனுப்பிவிட்டேன். அந்தச் 'சரி'யைச் சொன்னது நான்தான், அதை வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, படத்தை நிலத்தோடு பொருத்துவதற்காக இடம் அளந்து தரையில் வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிப் பலகைகளில், மறந்துவிட்டு வந்த ஒன்றை எடுக்கப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என்ன தேடுகிறாய் தம்பி என்று விசாரித்தார். சொன்னேன். வரைபடத்தைக் கைபேசியில் காட்டினேன். மஞ்சளாக இருக்கிற இடம் என்ன என்று கேட்டார். தரிசு என்றேன். "தரிசா? மழை விழுந்தா நாலு மாசம் இங்க முழங்கால் தண்ணி நிக்குமே" என்றார். நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து, வெடித்த களிமண் பாளம் ஒன்றைக் கோலால் பெயர்த்துப் போட்டார். அதன் இடுக்கில் நத்தை ஓடுகள். வெளுத்துப்போய், சுண்டுவிரல் நகம் அளவில், கைப்பிடி அளவுக்குக் குவிந்து கிடந்தன. அப்புறம் ஓரத்தில் நின்ற முள்மரங்களிடம் கூட்டிப் போனார். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு. பத்துப் பன்னிரண்டு மரம் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு ஒரே மட்டத்தில் ஓடியது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நத்தை ஓடு ஒன்றரை சென்டிமீட்டர். என் பிக்சல் 3 சென்டிமீட்டர். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த ஓடு என் படத்தில் தெரியாது. சேற்றுக் கோடு மரத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் பக்கவாட்டுக்கு இடமே இல்லை; கோட்டின் மேல் மரத்தின் தலை கவிந்திருக்கிறது. கோடை நாளில் அந்த நிலம் தான் ஒரு நீர்நிலை என்பதற்கு வைத்திருந்த சாட்சிகள் இரண்டுமே வானத்திலிருந்து பார்க்க முடியாதவை. பத்து நிமிடம் நடந்திருந்தால் நானே பார்த்திருப்பேன்.

வேலை கொடுத்தவர்களுக்கு அன்றைக்கே எழுதினேன். அறிக்கை போய்விட்டது என்று பதில் வந்தது. உங்களுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு சீட்டு வந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் என் சொந்தச் செலவில் மறுபடி பறந்தேன். அதே இடத்தில் 9 ஹெக்டேருக்குத் தண்ணீர் விரிந்து கிடந்தது. அந்தப் படத்தையும், எடுத்த தேதியோடு உங்களுக்கு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. அடுத்து உங்களிடமிருந்து நான் பார்த்தது இந்த வழிகாட்டுதலைத்தான். நான் அவசரத்தில் செய்த தப்பு இப்போது விதி ஆகியிருக்கிறது.

வான்வழிப் படத்தை நான் குறைத்துப் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். 1858இல் நாடார் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறிப் படமெடுத்த காலத்திலிருந்து, தரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாததை இது காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 1972 ஜூலையில் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. அன்று ஒரு பிக்சல் சுமார் 80 மீட்டர். பிறகு 30 மீட்டரானது. 2008இல் அந்தப் படங்களின் சேமிப்பு முழுவதையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒரே இடத்தை ஐம்பது வருடம் பின்னோக்கிப் பார்க்க முடிகிறது என்பது சின்ன விஷயமா? மத்திய ஆசியாவின் ஆரல் கடல் சுருங்கியதை உலகம் கண்ணால் பார்த்தது அந்தப் படங்களில்தான். 2015க்குப் பிறகு ஐரோப்பாவின் சென்டினல்-2 வந்து 10 மீட்டர் பிக்சலைக் கொடுக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் வருடந்தோறும் அமேசான் காடழிப்பை இப்படித்தான் அளந்து வெளியிடுகிறது. இந்தக் கருவியை நம்பித்தான் நான் வாழ்கிறேன். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதும் அதனாலேயே எனக்குத் தெரியும்.

உங்கள் வழிகாட்டுதல் ஒட்டுமொத்தத் துல்லியம், அதாவது வரைபடத்தில் சரியாக வகைப்படுத்திய பங்கு, 85 விழுக்காடு இருந்தால் போதும் என்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1976இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நிலவகைப்பாட்டு முறையில் 85 என்று இருந்தது. அன்றிலிருந்து எல்லாரும் அதையே எடுத்து எழுதுகிறோம். என் கதைக்கு அதைப் போட்டுப் பாருங்கள். 160 ஹெக்டேரில் 12 ஹெக்டேர் என்பது 7.5 விழுக்காடு. மீதி எல்லாவற்றையும் ஒரு பிசகும் இல்லாமல் வரைந்தேன் என்று வைத்துக்கொண்டால் என் படத்தின் துல்லியம் 92.5 விழுக்காடு. உங்கள் தேர்வில் சிறப்பு மதிப்பெண்ணோடு தேறியிருப்பேன். ஆனால் அந்த நிலத்தில் இருந்த ஒரே நீர்நிலையை முழுவதுமாகத் தொலைத்திருக்கிறேன். எது அரிதோ அதைத்தான் காப்பாற்ற இந்த ஆய்வே நடக்கிறது. ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற எண்ணோ, அரிதானதை விழுங்கிவிட்டு அழகாக நிற்கும். வகைவாரியாகக் கேட்டிருந்தால், நீர்நிலை என்ற வரிசையில் பூஜ்யம் என்று வந்திருக்கும். யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தியிருப்பார்.

அதிலும் 85 என்பது சும்மா வந்துவிடுவதில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை உலகம் முழுவதற்கும் 10 மீட்டரில் ஒரு நிலப்பரப்பு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான பதிப்பின் ஒட்டுமொத்தத் துல்லியம் சுமார் 77 விழுக்காடு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது நான்கில் ஒரு இடம் கிட்டத்தட்டத் தவறு. அதை மறைக்காமல் சொன்னதால்தான் நான் அந்த வரைபடத்தை மதிக்கிறேன். உங்களிடம் வரும் அறிக்கைகளில் 94, 96 என்று எண்கள் இருக்கின்றனவே, அவை எதை வைத்துக் கணக்கிடப்பட்டன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல சமயம் அதே படத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து உற்றுப் பார்த்து, அதே ஆள் வைத்த புள்ளிகள்தான் சாட்சி. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வது போல. களச் சரிபார்ப்பை எடுத்துவிட்டால் இனி எல்லாருமே அப்படித்தான் திருத்துவார்கள், எல்லாருக்கும் 96 கிடைக்கும்.

பச்சை விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பை அண்டிய ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு வரும். மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரை. எளிமையான, அழகான கணக்கு. இலை இருக்கிறதா என்று அது சொல்லும். எந்த இலை என்று சொல்லாது. ஆகாயத்தாமரை மூடி மூச்சுத் திணறும் ஏரி இந்தக் கணக்கில் நல்ல காட்டைப் போலத் தளதளவென்று மின்னும். ஒரே இன மரத்தை வரிசையாக நட்ட தோப்பும், நூறு இனம் வாழும் இயற்கைக் காடும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பச்சையாக நிற்கும். இதோடு வரையறைச் சிக்கல் வேறு. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பும், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்களும், 10 விழுக்காட்டுக்கு மேல் கவிகையும் (மரத்தலைகள் மூடும் பரப்பு) இருந்தால் காடு. ரப்பர்த் தோட்டம் அதில் சேரும், எண்ணெய்ப்பனைத் தோட்டம் சேராது. வானத்திலிருந்து பார்க்கிற கணினிக்கு இந்த நுணுக்கம் எப்படித் தெரியும்? இயற்கைக் காட்டை வெட்டி ஒற்றைமரத் தோப்பு வைத்தவர், பசுமைப் பரப்பு குறையவில்லை என்று வண்ணப்படத்தோடு உங்களிடம் வந்து நிற்கலாம். அந்தப் படத்தில் பொய் ஒன்றும் இருக்காது.

அளவும் அப்படித்தான். 10 மீட்டர் பிக்சல் என்றால் 100 சதுர மீட்டருக்கு ஒரே ஒரு நிறம். மூன்று மீட்டர் அகல ஓடை அதற்குள் கரைந்துபோகும். மேலே சொன்ன பிரேசில் கணக்கிலேகூட 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டு சேராது. அந்த வரம்பை அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள், படிப்பவர் அதை மனதில் வைத்துப் படிக்கலாம். உங்களிடம் வரும் வரைபடங்களில் எத்தனை, தாம் விட்டுவிட்டது எந்த அளவுக்குக் கீழ் உள்ளவை என்று ஓரத்தில் எழுதியிருக்கின்றன?

நிலத்தின் உயரக் கணக்கிலும் இப்படி ஏமாறலாம்; அதில் என்னுடைய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வெள்ளம் எதுவரை ஏறும் என்று ஒரு வரைபடம் செய்தேன். மழையே இல்லாமலும் எல்லா இடமும் மூழ்கிக் கிடக்கும் என்று வந்தது. காரணம் என்னவென்றால், ட்ரோனில் இருக்கும் ஜிபிஎஸ் உயரத்தைப் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. தண்ணீருக்கு அந்தக் கோளத்தைத் தெரியாது. அது ஈர்ப்பு விசையின் மட்டத்தைப் பார்த்து ஓடும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் நூறு மீட்டருக்கும் மேல். ட்ரோன் சொன்ன உயரத்தையும் பழைய வரைபடத்தின் ஆற்று மட்டத்தையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பியிருந்தேன். பிழை பல பத்து மீட்டர் என்பதால் பார்த்த உடனே சிக்கியது, தப்பித்தேன். பயப்பட வேண்டியது சின்னப் பிழைக்குத்தான். தரையில் போதுமான கட்டுப்பாட்டுப் புள்ளி வைக்காமல் ட்ரோன் படங்களை ஒட்டினால், தட்டையான நிலம் நடுவில் மெல்லக் கிண்ணம்போலக் குழியும், இல்லாவிட்டால் குவியும். அரை மீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சமவெளியில் அரை மீட்டர் என்பது தண்ணீர் இந்தப் பக்கம் போகுமா அந்தப் பக்கம் போகுமா என்ற கேள்வி.

இது என்னைப் போன்ற ஒற்றை ஆளின் தடுமாற்றம் மட்டுமல்ல. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரில் எடுத்த உயரத் தரவை உலகின் பெரும்பகுதிக்கு நெடுநாளாகப் பயன்படுத்திவந்தோம். அந்த ரேடார் மரம் இருந்தால் மரத்தின் மேற்பகுதியையும், கட்டடம் இருந்தால் கூரையையும் தரையென்று எடுத்துக்கொள்ளும். 2019இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் என்ற இருவர் அந்தப் பிழையைத் திருத்திக் கணக்குப் போட்டார்கள். கடல்மட்டம் உயர்வதால் ஆபத்தில் இருப்போர் எண்ணிக்கை முன்பு நினைத்ததைப்போல மூன்று மடங்கு என்று வந்தது. மரத்தின் உச்சியைத் தரை என்று நம்பியதால் மக்களைக் கணக்கில் விட்டிருந்தோம்.

தரையில் இருக்கும் சாட்சியை ஒதுக்காதீர்கள் என்று நான் சொல்வது பழைய ஆளின் பிடிவாதம் இல்லை. 1985இல் அண்டார்க்டிகாவின் ஹேலி நிலையத்தில் தரையில் வைத்திருந்த கருவியின் அளவுகளைக் கொண்டுதான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் படலம் அங்கே கடுமையாகத் தேய்வதை வெளியிட்டார்கள். செயற்கைக்கோளும் அதே சரிவைப் பதிந்திருந்தது. ஆனால் இவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்று மென்பொருள் அந்த எண்களுக்குச் சந்தேகக் குறி போட்டு வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் துளையின் பரப்பு முழுதாகத் தெரிந்தது. கீழிருந்து ஒருவர் சொல்ல, மேலிருந்து ஒருவர் ஆமாம் என்க, அப்படித்தான் இந்த அறிவு எப்போதும் வளர்ந்திருக்கிறது.

பிடிஎஃப் விவகாரம் சின்னதாகத் தெரியலாம். எனக்கு அது களச் சரிபார்ப்புக்குச் சமமான விஷயம். பிடிஎஃப் என்பது வரைபடத்தின் புகைப்படம். அதன் எல்லைக்கோட்டை நான் இன்னொரு படத்தின் மேல் வைத்துப் பார்க்க முடியாது, பரப்பை அளக்க முடியாது, எந்தத் தேதியில் எடுத்த படம் என்று உள்ளே போய்ப் பார்க்க முடியாது. போன வருடம் ஒரு அறிக்கையின் தரவைக் கேட்டபோது எனக்கு ஷேப்ஃபைல் ஒன்று வந்தது. வரைபடத் தரவைச் சேமிக்கும் வடிவமான ஷேப்ஃபைல் என்பது ஒரு கோப்பு அல்ல, நான்கைந்து கோப்புகளின் குடும்பம். அதில் ஆயத்தொலை முறைமையைச் சொல்லும் குட்டிக் கோப்பை மட்டும் காணோம். அது இல்லாவிட்டால் எண்கள் இருக்கும், அவை பூமியில் எங்கே என்று தெரியாது. ஊகித்து வைத்துப் பார்த்தேன். ஒரு ஊகத்தில் பாதுகாக்கப்பட்ட ஓடை திட்ட எல்லைக்கு வெளியே விழுந்தது, இன்னொன்றில் உள்ளே விழுந்தது. எது சரி என்று கேட்டதற்கு, பதிலாகக் கணினித் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) ஒன்று வந்தது. ஓடை வெளியே இருந்தது. அதை நான் நம்ப வேண்டும். இனிமேல் அந்தக் குறைக் கோப்புகூடக் கிடைக்காது என்கிறது உங்கள் விதி.

எல்லாத் தரவையும் திறந்துவிட்டால் ஆபத்து இல்லையா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். உண்டு. அரிய பறவையின் கூடு எங்கே என்று துல்லியமான புள்ளி வெளியில் போனால் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவது போலாகிவிடும். ட்ரோன் படத்தில் வீட்டு முற்றத்தில் நிற்பவர்களும் விழுகிறார்கள். அவற்றை மங்கலாக்கி, புள்ளியைப் பெரிய கட்டத்துக்குள் மறைத்து வெளியிடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மறைக்க வேண்டியதை மறையுங்கள், அதற்காக முழுப் பெட்டியையும் பூட்ட வேண்டாம்.

களத்துக்குப் போக நாளாகும், ஒப்புதல்கள் தேங்குகின்றன என்பது உங்கள் தரப்பின் முக்கிய வாதம் என்று கேள்விப்படுகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. தேக்கத்தால் நல்ல திட்டங்களும் அடிபடுகின்றன. ஆனால் 160 ஹெக்டேரையும் அங்குலம் அங்குலமாக நடக்கச் சொல்லவில்லை. வரைபடத்தின் ஒவ்வொரு வகையிலும் கணினியைக் கொண்டு குருட்டாம்போக்கில் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் போய்ப் பார்த்தால் போதும். வகைக்குக் குறைந்தது 50 புள்ளி என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஐந்து வகை இருந்தால் 250 புள்ளி. கைபேசியில் புள்ளிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பேர் போனால் நான்கைந்து நாள் வேலை. மாதக்கணக்கில் நடக்கும் ஒரு பரிசீலனையில் இதுவா தேக்கம்? என் கோப்பு உங்களிடம் எத்தனை வாரம் இருந்தது என்று பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

இனி நான் கேட்பது.

களச் சரிபார்ப்பு வேண்டியதில்லை என்ற வரியை நீக்குங்கள். நீக்குவதோடு நிற்காமல், சரிபார்த்த புள்ளிகளின் இடம், தேதி, அங்கே எடுத்த படம் ஆகியவை அறிக்கையோடு வர வேண்டும் என்று எழுதுங்கள். நிலத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம், வருடத்தின் மற்ற மாதங்களில் இது எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதிய குறிப்பும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் முதலிலேயே நான் கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

ஒரே நாளில் எடுத்த படத்தை வைத்து எந்த நீர்நிலையும் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு செய்யக் கூடாது. ஈரப் பருவத்தில் ஒன்று, வறண்ட பருவத்தில் ஒன்று, குறைந்தது இரண்டு படம் கேளுங்கள். மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் ரேடார் படம் இருக்கிறது. 2014 முதல் சென்டினல்-1 மேகத்தை ஊடுருவிப் பார்க்கிறது, அதுவும் இலவசம். கடலோர ஆய்வாக இருந்தால் படமெடுத்த நேரத்தில் ஓதம் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். லேண்ட்சாட்டும் சென்டினல்-2ம் எப்போதும் காலை பத்து, பத்தரை வாக்கில்தான் தலைக்கு மேல் போகின்றன, அந்த நேரத்தில் கடல் எப்படி இருந்ததோ அதை மட்டும்தான் பார்க்கின்றன.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள். எந்த வகை எந்த வகையோடு எத்தனை தடவை குழம்பியது என்ற பிழை அட்டவணையை முழுசாகக் கேளுங்கள். விட்டுப்போன மிகச் சிறிய பரப்பு எவ்வளவு, ஆயத்தொலை முறைமை எது, உயரம் எந்த மட்டத்திலிருந்து அளந்தது, கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் மிஞ்சிய பிழை எத்தனை சென்டிமீட்டர் என்பதையெல்லாம் வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். ஒரு விரல் அகல இடம் போதும்.

பிடிஎஃப்போடு மூலப் படமும் வரைபடத்தின் தரவு அடுக்குகளும் திறந்த வடிவத்தில் வர வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலம் தொடங்கும் நாளிலேயே அவை வெளியில் இருக்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது பயனில்லாத உரிமை.

கடைசியாக, அந்தக் கோப்பு. அதன் எண் என் முந்தைய இரண்டு கடிதங்களிலும் இருக்கிறது. அதை மறுபடி திறங்கள். நான் வரைந்த வரைபடத்தைத் தவறென்று பதிவு செய்யுங்கள், என் பெயரோடேயே பதிவு செய்யுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மழைக்காலப் படத்தை அதில் சேருங்கள். அந்த 12 ஹெக்டேரில் மண் கொட்டும் வேலை தொடங்குவதற்கு முன் உங்களில் ஒருவராவது நேரில் வந்து பாருங்கள். வறண்ட நாளாக இருந்தாலும் பரவாயில்லை. மரங்களில் கோடு இருக்கும்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அந்த நீர்நிலையைத் தரிசு என்று வரைந்தவன்